பிரேக் மேல் வைத்த கால்

என் தங்கை பிரான்சிலிருந்து வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே எனக்குக் கார் ஓட்டுவது வெறுத்துவிட்டது.

அவள் அங்கே பாரீசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருந்தவள். தனியாக இருக்கும் வயதானவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் தானே காரை ஓட்டிக்கொண்டு போயாக வேண்டும். கணவரும் இறந்துபோய், வேலையும் முடிந்த பிறகு, புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் வந்து தங்கினாள். நான் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒரு கார் இருந்தது. அதை ஓட்டுகிறவன் நான். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவள் அவள். தகராறு இங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை போகும்போது அஜந்தா சிக்னல் பக்கம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உன் கால் எங்க இருக்குது?"

"வண்டிலதான் இருக்குது."

"பிரேக்கு மேல இருக்குது. வூட்டுலேர்ந்து பொறப்பட்டதுலேர்ந்து அங்கதான் இருக்குது."

அது உண்மைதான். ஆக்சிலேட்டரை மிதிக்காத நேரமெல்லாம் என் வலது கால் பிரேக்கின் மேல் லேசாக உட்கார்ந்திருக்கும். இடது கால் கிளட்ச்சின் மேல். இந்த ஊரில் எந்தச் சந்திலிருந்து எந்த ஸ்கூட்டி பாயும் என்று யாருக்குத் தெரியும்? கால் தயாராக இருக்க வேண்டாமா? அதைத்தான் சொன்னேன்.

"தயாரா இருக்கறது வேற, அமுக்கிக்கினே இருக்கறது வேற," என்றாள். "பின்னாடி வர்றவன் வழி பூரா உன் செவப்பு லைட்டப் பாத்துக்கினே வர்றான். நீ எப்ப நிஜமா நிறுத்துவன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஊருல எவன் லைட்டப் பாக்கறான்?"

"நீ இப்படி ஓட்டினா எவன் பாப்பான்?"

பின்சீட்டிலிருந்து என் மனைவி சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலில் அடுத்த சிக்னலில் கொஞ்சம் அழுத்தியே நிறுத்தினேன். அதற்கும் ஒரு பாடம் கிடைத்தது. நிறுத்தும்போது கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒன்றாக அமுக்குகிறேனாம். "ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தாலே இஞ்சின் வண்டிய இழுத்துப் புடிக்கும். நீ கிளட்ச்ச அமுக்கி அத வெட்டி வுட்டுட்டு, பிரேக்க மட்டும் தனியாப் புடின்னு சொல்ற. கடைசில வண்டி திணறப் போவும் பாரு, அப்ப கிளட்ச்ச அமுக்கினாப் போதும்."

இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் ஓட்டுகிறவனிடம், சின்ன வயதில் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் சொல்கிறாள்.

இன்னொரு நாள் என் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பின்னால் போட்டாள். அது உருண்டு போய் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மிதிக்க முடியாதாம். "நானும் எத்தினி தரம் சொல்லிட்டேன்," என்றாள் என் மனைவி. அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சூழ்நிலையில் அதை நிரூபிக்க எனக்கு வழி இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அவளுடைய 'துஸ்மான்'. பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். சத்தம் போட்டுச் சொல்ல மாட்டாள். முன்னால் போகிற ஆட்டோவுக்கும் எங்களுக்கும் இடையில் இடம் குறையும்போதெல்லாம், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, யாரோ குழந்தையைத் தூங்கவைப்பதுபோல, "துஸ்மான், துஸ்மான்" என்பாள். கூடவே அவள் வலது கால் தரையை மிதிக்கும். அங்கே ஒரு பெடலும் இல்லை.

ஒரு நாள் ராஜீவ் காந்தி சிலை சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டிச் சாவியை அவள் மடியில் போட்டேன்.

"நீயே ஓட்டு."

வாங்கிக்கொண்டாள். ஆனால் அன்று ஓட்டவில்லை. இங்கே ஓட்டுவதற்கான லைசென்ஸ் கையில் வராமல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருவர் கோபத்தில் ஒன்றைச் செய்தால் எதிரில் இருக்கிறவர் கொஞ்சமாவது கோபப்பட வேண்டும்.

லைசென்ஸ் வந்தது. அவள் ஓட்ட ஆரம்பித்தாள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், இங்கே வலது பக்கம். திரும்புவதற்கு சிக்னல் போடப் போய் வைப்பரைத் தட்டிவிடுவாள். சுள்ளென்று அடிக்கிற வெயிலில் எங்கள் வண்டியின் கண்ணாடியை வைப்பர் துடைத்துக்கொண்டே போகும். டீக்கடையில் நிற்பவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு கை பழகிவிட்டது. அதன்பின் தெரிந்தது, அவள் ஓட்டும் வண்டியில் உட்காருவது அவள் பக்கத்தில் ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்று. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவில் ஒரு பஸ் நிற்கிற அளவுக்கு இடம் விடுவாள். நம் ஊரில் அப்படி இடம் விட்டால் அது அழைப்பிதழ் வைத்த மாதிரி. ஒரு பைக் நுழையும். அவள் காலைத் தளர்த்தி மறுபடி இடம் விடுவாள். ஒரு ஆட்டோ நுழையும். மறுபடி இடம் விடுவாள். கோரிமேடு வரை போய் வருவதற்குள் ஊரில் உள்ள வண்டியெல்லாம் எங்களுக்கு முன்னால் போயிருக்கும்.

"நீ இப்படி எல்லாருக்கும் வழி வுட்டுக்கினே இருந்தா நாம பின்னாடியே போய் திண்டிவனத்துல நிப்போம்," என்றேன்.

"போறவன் போவட்டும்ணே. எனக்கு முன்னாடி இருக்கற எடம் என்னோட பிரேக்கு. அது இல்லேன்னா கால் எவ்ளோ வேகமா மிதிச்சாலும் பிரயோஜனம் இல்ல."

நான் ரேடியோவைப் போட்டேன்.

மிஷன் வீதியில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை, சம்பா கோயில் என்கிற மாதா கோயிலில் பூசை முடித்துத் திரும்புகிறோம். சாலையில் நடப்பவர்களுக்காக வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், கையில் பூக்கூடையோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். என் தங்கை மெதுவாகக் காலை எடுத்து, பிரேக்கை அழுத்தி, கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். பூக்கார அம்மா எங்களைப் பார்த்தார். நகரவில்லை. என் தங்கை கையை நீட்டிப் போங்கள் என்று காட்டினாள். அவர் நீங்கள் போங்கள் என்று காட்டினார். இவள் மறுபடி காட்ட, அவர் சந்தேகத்தோடு ஓர் அடி பின்னால் போனார். கார் தனக்காக நின்றது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வண்டிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார்.

பின்னால் ஹாரன்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது வண்டியின் பின்புறம் 'டப்' என்று ஒரு சத்தம்.

ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மோதியிருந்தார். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. எங்கள் பம்பரில் ஒரு சின்ன நெளிசல். ஆனால் அவருக்குத்தான் கோபம் பொங்கியது.

"இன்னாம்மா, நடுரோட்டுல திடுதிப்புன்னு நிறுத்தறீங்க?"

"திடுதிப்புன்னு நிறுத்தல. மெதுவாதான் நிறுத்தினேன். பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சிது இல்ல?"

"செவப்பு லைட்டுதான் எல்லா வண்டிலயும் எப்பப் பாத்தாலும் எரிஞ்சிக்கினு கெடக்குதே. அதப் பாத்து எவன் நிறுத்துவான்?"

என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தேன்.

இந்த ஊர்ப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் வந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கோடு போட்டிருக்கிறது, அந்த அம்மா கடக்க நின்றார்கள் என்றாள். அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். அது அங்கே இருப்பதை அவரும் அப்போதுதான் கவனித்தார் போலிருந்தது. "சரிதான்மா, சட்டப்படி நீங்க செஞ்சது சரிதான். ஆனா கொஞ்சம் பாத்து செய்ங்க," என்றார். சட்டப்படி சரியானதை எப்படிப் பார்த்துச் செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் விளக்க முடியவில்லை. இந்தக் கலாட்டாவில் போக்குவரத்து மொத்தமாக நின்றுவிட, பூக்கார அம்மா நிதானமாகச் சாலையைக் கடந்து போனார்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. கனகசெட்டிக்குளத்தில் எங்கள் அத்தை மகள் இருக்கிறாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். என் தங்கைக்கு அது பழகிய வேலை. வாரம் ஒரு தடவை போய்க் குளிப்பாட்டி, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போட்டு வருவாள். துணைக்கு நான் போவேன். கருவடிக்குப்பத்திலிருந்து கிளம்பினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க பஸ், வேன், சென்னைக்கு ஓடுகிற கார்கள்.

அன்று காலையிலிருந்தே தூறல். எங்கள் தெரு முனையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. அதைத் தாண்டி மேட்டுக்கு வந்ததும், முன்னால் யாரும் இல்லாதபோது அவள் பிரேக்கை லேசாக மிதித்து விட்டாள். மறுபடி மிதித்து விட்டாள்.

"இப்ப எதுக்கு?"

"பிரேக்கு நனைஞ்சிருக்கும். காய வெக்கறேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலாப்பட்டு தாண்டியதும் பின்னால் ஒரு வேன் வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அதன் முகம் மட்டும்தான் தெரிந்தது, அவ்வளவு நெருக்கம். ஹாரன் விடாமல் அடித்தான். எதிரில் வரிசையாக வண்டிகள் வந்ததால் அவனால் தாண்ட முடியவில்லை. எங்களுக்கு முன்னால் தூரத்தில் ஒரு சின்ன லோடு வண்டி, மீன் பெட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் காலியான சாலை. என் தங்கை ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி அந்த இடைவெளியை இன்னும் அதிகமாக்கினாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவன் ஒட்டிக்கினு வர்றான், நீ இன்னும் மெதுவாப் போறியே. ஒண்ணு வேகமாப் போ, இல்ல ஓரங்கட்டு."

"ஓரம் சேறா இருக்குது, எடம் வந்தா வுடறேன். அவன் இவ்ளோ கிட்ட வந்தா அவனால நிறுத்த முடியாதுண்ணே. அப்ப நான் சட்டுன்னு நிறுத்தற மாதிரி ஆவக் கூடாது. அவனுக்கும் சேத்து நான்தான் முன்னாடி எடம் வுடணும்."

"அவன் செய்யற தப்புக்கு நீ எடம் வுடுவியா?"

"வேற யாரு வுடுவா?"

நான் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கும்போது முன்னால் போன லோடு வண்டியில் கயிறு அறுந்தது. மேல் பெட்டி ஒன்று சரிந்து சாலையில் விழுந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஐஸும் மீனும் சாலை முழுக்கச் சிதறின. அந்த டிரைவர் பயந்துபோய் நடுச்சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

என் தங்கை பிரேக்கை மிதித்தாள். முதலில் லேசாக, உடனே அழுத்தமாக. அவள் காலுக்கடியில் 'கடகட'வென்று ஏதோ அதிர்ந்தது. பிரேக் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"கால எடு. எடுத்து எடுத்து மிதி," என்று கத்தினேன். வழுக்குகிற சாலையில் விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்றுதான் நான் கற்றது. அந்த அதிர்வே, சக்கரம் வழுக்காமல் தானாக விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவள் எடுக்கவில்லை. அழுத்திய கால் அழுத்தியபடியே இருந்தது. வண்டி வழுக்கவில்லை, கோணவில்லை, நேராக வேகம் குறைந்தது. அவள் கண் முன்னால் ஒரு முறை, கண்ணாடியில் ஒரு முறை போய் வந்தது. பின்னால் வேன் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முன்னால் இன்னும் கொஞ்சம் சாலை மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பி, வண்டியைச் சாலையிலிருந்து இறக்கினாள். சேற்றில் குலுங்கி நின்றோம். வேன் எங்கள் வலது பக்கம் உரசாத குறையாகக் கிறீச்சிட்டுக்கொண்டே போய், மீன் பெட்டியை நசுக்கி, லோடு வண்டிக்குக் கையகல தூரத்தில் நின்றது. நாங்கள் நின்றிருக்க வேண்டிய இடம் அது.

பிறகு வேன் டிரைவர் கதவைத் திறந்து இறங்கினான். நேராக எங்களிடம் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா வூட்டுல ஒக்கார வேண்டியதுதான? இப்படியா ஒரேடியா பிரேக்க மிதிக்கறது?"

இத்தனை நாள் அவளிடம் சேர்த்து வைத்திருந்த எரிச்சல் மொத்தமும் அவன் மேல் திரும்பியது. சட்டைப் பித்தானைச் சரியாகப் போடாத ஒரு பையன், என் தங்கையைப் பார்த்து ஓட்டத் தெரியவில்லை என்கிறான். கதவைத் திறந்து சேற்றில் இறங்கினேன். "யாருடா ஓட்டத் தெரியாதவ? முதுகுல ஏறி உக்காராத குறையா வந்தியே, அவ எடம் வுடலன்னா இந்நேரம் நீ எங்க இருந்திருப்ப?" அவள் சொன்ன அதே வார்த்தைகள் என் வாயில் வந்தன. அப்போது அதைக் கவனிக்கவில்லை.

அவள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வேன் பக்கம் போனாள். உள்ளே புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்கள். "யாருக்குனா அடிபட்டுதா?" என்று கேட்டாள். ஒருத்தி முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு மேல் புடைத்திருந்தது. என் தங்கை சாலையில் கிடந்த ஐஸை அள்ளி, தன் துண்டில் சுற்றி, அவள் நெற்றியில் வைத்துப் பிடித்தாள். "தலை சுத்துதா? வாந்தி வர்ற மாதிரி இருக்குதா? இந்த வெரல் எத்தினி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "மீன் நாத்தம் அடிக்குதுக்கா," என்று அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்களுக்குப் பயம் தெளிந்து கோபம் வந்தது. அதில் மூத்தவர் ஒருவர் இறங்கி டிரைவரிடம் வந்தார்.

"தெனமும் சொல்றோம், ஒட்டாத ஒட்டாதன்னு. காதுல போட்டுக்கறியா? அந்த அம்மா ஒதுங்கலன்னா நாங்க ஒருத்தி மேல ஒருத்தி கெடந்திருப்போம்."

"இன்னொரு டிரிப் போவணுங்க்கா. லேட்டானா என்னத்தான் கேப்பாங்க."

"கேட்டா எங்ககிட்ட அனுப்பு." பிறகு என் தங்கையிடம் திரும்பினார். "அக்கா, நீங்க முன்னாடி போங்க. இவன் உங்க பின்னாடி வருவான், தள்ளி வருவான். தாண்டினான்னா நாங்க அத்தினி பேரும் எறங்கிடுவோம்."

அவன் என்னைப் பார்த்தான். ஆண்பிள்ளை என்ற முறையில் நான் ஏதாவது உதவுவேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் பார்க்காதவன்போல இருந்தேன்.

எல்லாருமாகச் சேர்ந்து உடைந்த பெட்டிகளை ஓரம் தள்ளினோம். நாங்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில் என் தங்கை கதவருகில் நின்றுகொண்டு உள்ளே ஏறவில்லை.

"அண்ணே, நீ எடு."

"இன்னா ஆச்சு?"

கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கின. வலது காலும் நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. அதுவரை, மிதிக்கும்போதும், ஒதுக்கும்போதும், அந்தப் பெண்ணின் நெற்றியில் ஐஸ் வைக்கும்போதும் அவளிடம் ஒரு நடுக்கம் இல்லை. நான் சுற்றி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

கனகசெட்டிக்குளம் வரை நான் ஓட்டியதுபோல அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. பின்னால் வேன் நிறையப் பெண்கள் முன்கண்ணாடி வழியாக என் வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்ற நினைப்பு பிடரியில் ஏறிக்கொண்டது. தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். முன்னால் வேகத்தடை வருவது தெரிந்ததுமே காலைத் தூக்கிவிட்டு வண்டி தானாக அடங்கும்வரை காத்திருந்தேன். ஒருவன் பைக்கில் குறுக்கே நுழைந்தான். திட்டாமல் இடம் விட்டேன். பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் முனையில் வேன் திரும்பியபோது, நெற்றியில் துண்டை வைத்திருந்த பெண் கையை அசைத்தாள்.

அத்தை மகளைக் குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, மாலையில் கிளம்பினோம். திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அவள் தெளிந்துவிட்டாள். சாலையையும் என் காலையும் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஒரு தப்பும் செய்யாமல் கருவடிக்குப்பம் வந்து சேர்ந்தேன் என்று என் மனசாட்சிப்படி சொல்வேன். வீட்டு வாசலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, அவளைப் பார்த்தேன். இன்றைக்கு நடந்ததற்கெல்லாம் பிறகு ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு எடத்துல பிரேக்கு நல்லாப் புடிச்சண்ணே."

"எந்த ரெண்டு எடத்துல?"

"காலாப்பட்டு வேகத்தடைல ஒண்ணு. கோட்டக்குப்பத்துல பஸ்சு நின்னப்ப ஒண்ணு."

அவ்வளவு தூரம், அவ்வளவு மழை, இரண்டு எல்லை தாண்டி ஓட்டியிருக்கிறேன். இரண்டே இரண்டு இடம்.

"அப்ப மத்த எடத்துலல்லாம் இன்னாவாம்?" என்று கேட்டேன். அவள் ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.